பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் + பீனால்ப்தலீன்: பிணைப்பு மாறிலி ஏன் தடவைக்குத் தடவை மாறுகிறது?

குடுவை:
முதுகலை வேதியியல் ஆய்வகத்துக்கு ஒரு பரிசோதனை தயாராகிறது. பிஎச் 10.5 கார்பனேட் பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) 30 மைக்ரோமோலார் பீனால்ப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் சாயம்). அதில் பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினை (ஏழு குளுக்கோஸ் சேர்ந்த, நடுவில் குழியுள்ள வளைய மூலக்கூறு) கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 550 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் குறைவதை அளக்கிறோம். 1/மாற்றம், 1/செறிவு என்று நேர்கோடு போட்டால் பிணைப்பு மாறிலி (சாயம் குழியில் எவ்வளவு உறுதியாகப் பிணைகிறது என்பதன் அளவு) ஒரு தடவை 15,000 லிட்டர்/மோல், இன்னொரு தடவை 30,000-ஐத் தாண்டுகிறது. தப்பு எங்கே? இன்னொன்று: இணைவதற்குக் காரணம் நீர்வெறுப்பு, அதாவது என்ட்ரோபி (ஒழுங்கின்மை கூடுவது), என்று கையேட்டில் எழுதினால் போதுமா?

நிறமாலை:
முதல் தப்பு அந்த நேர்கோடுதான். சேர்த்த சைக்ளோடெக்ஸ்ட்ரின் முழுவதும் சாயத்தோடு பிணையாமல் கட்டற்று இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. உண்மையான மாறிலி 25,000 என்று வையுங்கள். பாதிச் சாயம் பிணைய, கட்டற்ற சைக்ளோடெக்ஸ்ட்ரின் 40 மைக்ரோமோலார் வேண்டும். பிணைந்து போனது 15. ஆக மொத்தம் 55. நீங்கள் 55-ஐயே கட்டற்றது என்று போட்டால் மாறிலி 18,000 என்று வரும். 1 மில்லிமோலார் பக்கம் போனால் 96 சதவீதம் பிணைந்துவிடும். மிஞ்சும் ஒளி உறிஞ்சல் 0.04 அளவுதான், கருவியின் சின்ன ஆட்டமே விடையைப் புரட்டிவிடும். 20 முதல் 300 மைக்ரோமோலார் வரை பத்துப் புள்ளி எடுத்து, 1:1 பிணைப்பின் (ஒரு சாயத்துக்கு ஒரு சைக்ளோடெக்ஸ்ட்ரின்) இருபடிச் சமன்பாட்டை நேரடியாகப் பொருத்துங்கள். எக்செல் சால்வரே போதும்.

இரண்டாவது, எடை. கடையில் வரும் பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினில் 13 சதவீதம் வரை ஈரம் இருக்கும். 2 மில்லிமோலார் கரைசல் 50 மில்லிக்கு உலர்ந்த கணக்கு 0.1135 கிராம், ஈரத்தோடு 0.130 கிராம் நிறுக்க வேண்டும். இதை விட்டால் மாறிலி குறைந்து தெரியும்.

மூன்றாவது எதிர்த்திசையில் இழுக்கும்: காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு. பஃபர் நீர்த்ததாக இருந்து பிஎச் 10-க்குக் கீழே நழுவினால் நிறம் தானாகவே வெளுக்கும். அதையும் பிணைப்பு என்று எண்ணிவிடுவோம். பஃபரை அன்றன்றைக்குத் தயாரித்து, கரைசல் இருக்கும் அளவுக் குப்பியை (செல்லை) மூடி வைத்து அளக்கவும். நிறம் கூடட்டும் என்று பிஎச்சை 13-க்கு ஏற்றிவிடாதீர்கள், அங்கே ஹைட்ராக்சைடு சாயத்தோடு சேர்ந்து அதை நிறமிழக்கச் செய்யும்.

ஊற்றும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் கரைசலிலும் அதே பஃபர், அதே 30 மைக்ரோமோலார் சாயம் இருக்கட்டும். நீர்த்தலுக்குத் திருத்தம் தேவைப்படாது. சாயத்தை எத்தனாலில் 30 மில்லிமோலாராகக் கரைத்து (10 மில்லிக்கு 95.5 மில்லிகிராம்), 100 மில்லிக்கு 0.1 மில்லி மட்டும் சேருங்கள். எத்தனால் ஒரு சதவீதமானால் அது 0.17 மோலார், பிணைப்பு பலவீனம்தான் என்றாலும் அந்தச் செறிவில் குழிக்குப் போட்டிக்கு வரும்.

கண்ணாடியையும் பாருங்கள். சோப்பு மிச்சத்தில் சோடியம் டோடெசில் சல்ஃபேட் இருந்தால் அதன் நீண்ட வால் குழிக்குள் நன்றாகவே நுழையும். மாறிலி காரணமில்லாமல் குறைந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கரைப்பான்:
கையேட்டு வரிக்கு வருகிறேன். "நீர்வெறுப்பு, அதாவது என்ட்ரோபி" என்று எழுதாதீர்கள். எண்ணெய்த் துளிகள் அறை வெப்பத்தில் ஒன்றுசேர்வதற்கு அது பொருந்தும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் குழி வேறு மாதிரி. உள்ளே இருக்கும் நீர் மூலக்கூறுகளுக்கு வெளியே உள்ளவற்றைப் போல முழு ஹைட்ரஜன் பிணைப்புகள் கிடைப்பதில்லை. விருந்தாளி (குழிக்குள் வரும் மூலக்கூறு) நுழைந்து அவற்றை வெளியே தள்ளும்போது அவை இழந்த பிணைப்புகளைப் பெறுகின்றன, வெப்பம் வெளியாகிறது. கூடவே விருந்தாளிக்கும் குழிச்சுவருக்கும் நெருக்கமான வான்டெர் வால்ஸ் ஈர்ப்பு. குழிக்குள் நன்றாகப் பொருந்தும் அடமான்டேன் கார்பாக்சிலேட்டை எடுத்துக்கொண்டால், 25 டிகிரியில் மொத்தக் கட்டில்லா ஆற்றல் மாற்றம் மைனஸ் 25 கிலோஜூல்/மோல் சுமார்; அதில் பெரும்பங்கு என்தால்பி (வெப்ப மாற்றம்), என்ட்ரோபிக்குச் சிறுபங்குதான்.

நிறம் போவது தனிச் சங்கதி. குழிக்குள் பீனால்ப்தலீன் நிறமற்ற லாக்டோன் வடிவத்துக்கு வளைகிறது; நடுக்கார்பன் நான்முகியாகி, நிறம் தரும் இணையிரட்டைத் தொடர் (ஒன்றுவிட்டொன்றாக வரும் இரட்டைப் பிணைப்புகள்) அறுந்துபோகிறது. பிணைப்பும் நிறமிழப்பும் சேர்ந்தே நடப்பதால்தான் இந்தச் சோதனை சாத்தியம்.

குடுவை:
ஆல்ஃபா, காமா வகைகளில் ஏன் இவ்வளவு தெளிவாக வெளுப்பதில்லை? அடமான்டேன் கார்பாக்சிலிக் அமிலம் போட்டு, சாயத்தைக் குழியிலிருந்து தள்ளி நிறத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தால் அது கரையவே மாட்டேன் என்கிறது.

கரைப்பான்:
ஆல்ஃபாவில் ஆறு குளுக்கோஸ், குழி 5 ஆங்ஸ்ட்ராம் அளவு. சாயம் சரியாக நுழையாது. காமாவில் எட்டு, தளர்வாக இருப்பதால் சுவர் எட்டவில்லை. ஆனால் காமாவின் விளிம்பில் எட்டுக் கார்பாக்சிலேட் கைகளைச் சேர்த்துக் குழியை ஆழமாக்கினால், மயக்க மருத்துவத்தில் ரோகுரோனியம் என்ற தசைத் தளர்வு மருந்தைப் பிடித்து முடக்கும் சுகமாடெக்ஸ் கிடைக்கும். அதன் மாறிலி கோடிக்கு மேல்.

நிறமாலை:
அடமான்டேன் கார்பாக்சிலிக் அமிலத்தை அப்படியே தண்ணீரில் போடக்கூடாது, உப்பாக்க வேண்டும். 36 மில்லிகிராமுக்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 2.1 மில்லி ஊற்றி, தெளிந்ததும் பஃபரால் 10 மில்லியாக்குங்கள்: 20 மில்லிமோலார். 0.2 மில்லிமோலார் சைக்ளோடெக்ஸ்ட்ரின் இருக்கும் கரைசலில் கட்டற்ற சாயம் 20 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதில் இது 1 மில்லிமோலார் ஆகுமளவு சேர்த்தால் 80 சதவீதத்தைத் தாண்டும். இளஞ்சிவப்பு உடனே திரும்பும்.

வெளுத்த குழாயைச் சூடாக்கியும் காட்டலாம், பிணைப்பு வெப்பம் உமிழ்வது என்பதால் நிறம் மீளும், ஐஸில் வைத்தால் மறுபடி வெளுக்கும். ஆனால் சைக்ளோடெக்ஸ்ட்ரின் இல்லாத குழாய் ஒன்றையும் பக்கத்திலேயே சூடாக்குங்கள். கார்பனேட் பஃபரின் பிஎச் வெப்பத்தில் இறங்கும், சாயத்தின் உறிஞ்சலும் மாறும். அந்த ஒப்பீடு இல்லாமல் வான்ட் ஹாஃப் கோடு (வெப்பநிலையோடு மாறிலி மாறுவதைக் காட்டும் வரைகோடு) போட்டு என்தால்பி எழுத விடாதீர்கள்.