ஹாக்னி தெருமுனையில் ஈரப்பலா

குழு: அம்மம்மா வீட்டார் (லண்டன்)
சனிக்கிழமை

துளசி, மாலை 4.10
[படம்]
அம்மம்மாவை இன்று ஹாக்னிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நேரோ வே தெருமுனையில், பழைய தேவாலயக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இந்தப் பெரிய பழச் சிற்பங்கள் இருக்கின்றன. இவை என்னவென்று நான் சொல்லவில்லை. கிட்டப் போய் ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். “இது ஈரப்பலாக்காய் அல்லவா? இதை யார் இங்கே கொண்டுவந்து வைத்தது?” என்று கேட்டார்.

பெரியம்மா, 4.13
அம்மாவுக்கு இப்போது முகங்களே சரியாகத் தெரிவதில்லை. கை மறக்கவில்லை பார்.

ராஜன் மாமா, 4.15
மற்றவை என்ன பழங்கள்?

துளசி, 4.19
ஒன்று அன்னமுன்னா (சீத்தாப்பழ இனம்), மற்றது முள் அன்னமுன்னா. வெரோனிக்கா ரையன் செய்தவை, பளிங்கிலும் வெண்கலத்திலும். 2021 அக்டோபரில் வைத்தார்கள். விண்ட்ரஷ் தலைமுறைக்காக, அதாவது போருக்குப் பிறகு கரீபியத் தீவுகளிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்களுக்காக, இந்த நாட்டில் வைக்கப்பட்ட முதல் நிரந்தரச் சிற்பங்கள் இவைதான். அடுத்த ஆண்டே அவருக்கு இந்த நாட்டின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தது, 66 வயதில்.
நாங்கள் நின்றபோது ஒரு சிறுவன் அன்னமுன்னாவின் மேல் ஏறி உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். யாரும் அவனை இறக்கிவிடவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ராஜன் மாமா, 4.26
அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அதே மக்களுக்காக வாட்டர்லூ ரயில் நிலையத்தில் வைத்திருக்கும் சிலைதான் பெரிது. ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை. ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்தும் நல்ல உடுப்போடு, பெட்டிகளின் மேல் கைகோத்து நிற்கிறார்கள். பன்னிரண்டு அடி வெண்கலம். ஜமைக்காக்காரர் பேசில் வாட்சன் செய்தது. வேலைக்குப் போகிற அவசரத்திலும் அதைக் கடக்கும்போது என் நடை தளர்ந்துவிடும். வந்தவர்களின் முகம் தெரிய வேண்டும், துளசி. பழத்தைப் பார்க்கிறவனுக்கு அது என்னவென்று எப்படிப் புரியும்?

நிலா, 4.31
மாமா, அவர்களில் பலரைக் கொண்டுவந்த விண்ட்ரஷ் கப்பல் 1948 ஜூனில் வந்து சேர்ந்தது டில்பரித் துறைமுகத்தில். அப்படியிருக்க வாட்டர்லூவில் ஏன் வைத்தார்கள்? பிரிக்ஸ்டனில் விண்ட்ரஷ் சதுக்கமே இருக்கிறது. அங்கே வைக்கச் சொல்லிக் கரீபிய மக்களே பலர் கேட்டார்கள்.

ராஜன் மாமா, 4.35
அந்த ஒரு கப்பல் டில்பரிக்கு வந்தது உண்மை. பின்னால் சவுத்தாம்டனில் இறங்கிய ஆயிரக்கணக்கானவர்கள் ரயிலேறி வாட்டர்லூவுக்குத்தான் வந்தார்கள். ஆனாலும் நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரசாங்கம் பத்து லட்சம் பவுண்டு கொடுத்தது. இடத்தை அந்த மக்களையே தேர்ந்தெடுக்க விட்டிருக்கலாம்.

நிலா, 4.38
முகம் வேண்டுமென்றால் ஹாக்னி நகர மண்டபத்துக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. தாமஸ் பிரைஸ் செய்தது. அங்கே வாழும் 30-க்கும் மேற்பட்டவர்களை ஸ்கேன் செய்து, அவர்கள் எல்லோரிலிருந்தும் எடுத்து ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் வடித்திருக்கிறார். வாட்டர்லூ சிலையைத் திறந்த அதே நாளில், 2022 ஜூன் 22-இல் திறந்தார்கள்.

கவின், 4.52
நான் பழங்களின் பக்கம். ஈரப்பலா கரீபியத் தீவுகளின் மரமே இல்லை, மாமா. பசிபிக் தீவுகளின் மரம். தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்தவர்களுக்கு மலிவாகச் சோறு போட வேண்டும் என்று, பிரிட்டிஷ் கடற்படையின் கேப்டன் பிளை தாஹிட்டியில் கப்பலேற்றிய கன்றுகளை 1793-இல் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கு முன் ஒரு தடவை முயன்றபோது, 1789-இல், மாலுமிகள் கலகம் செய்து அவரைப் படகில் இறக்கிவிட்டு, கன்றுகளைக் கடலில் வீசினார்கள். கொடுமைக்காகக் கொண்டுவரப்பட்ட மரத்தைத்தான் அந்த மக்கள் தங்கள் வீட்டுச் சாப்பாடாக்கிக் கொண்டார்கள்.
அன்னமுன்னா எதிர்த் திசையில் வந்தது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து நம் கிணற்றடிக்கு. பெயரும் கூடவே கப்பலேறியிருக்கிறது: அனோனா, அன்னமுன்னா.

கவின், 4.55
வெரோனிக்கா ரையன் பிறந்த ஊர் மொன்செராட் தீவின் பிளிமத். எரிமலைச் சாம்பலில் புதைந்து 1997-இல் கைவிடப்பட்ட ஊர். திரும்பிப் போய்ப் பார்க்க அவருக்கும் வீடில்லை.

பெரியம்மா, 5.20
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். நம் வளவில் கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவில் ஈரப்பலா நின்றது. இலை விழுந்தால் சத்தம் கேட்கும், அவ்வளவு பெரிய இலை. ராஜன் அதில் ஏறி விழுந்து கையை முறித்துக்கொண்டான். வீடு போன பிறகும் நான் கேட்டது மரம் இருக்கிறதா என்றுதான்.
ராஜன், நீ சொல்லும் அந்த நல்ல உடுப்பும் எனக்குத் தெரியும். 1986 பிப்ரவரியில் நல்லூர்த் தேருக்கு உடுத்தும் மயில்கழுத்துப் பட்டோடு ஹீத்ரோவில் இறங்கினேன். காலில் செருப்பு. பெட்டியின் பூட்டு உடைந்து, அப்பா கயிறு கட்டிவிட்டிருந்தார். நல்ல சேலை உடுத்திப் போ, மரியாதையாக நடத்துவார்கள் என்று அம்மா சொல்லி அனுப்பினார். நான்கு மணி நேரம் ஒரு மர வாங்கில் உட்காரவைத்தார்கள். சேலை கசங்கக் கூடாதே என்று முதுகைச் சாய்க்காமல் இருந்தேன். அந்த வெண்கலப் பெண்ணும் முதுகைச் சாய்க்க மாட்டாள்.

ராஜன் மாமா, 5.24
அக்கா, இதை நீங்கள் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் சொல்லவில்லையே.

பெரியம்மா, 5.25
நீங்கள் யாரும் கேட்கவில்லை.

ராஜன் மாமா, 5.31
நாளை காலை பதினொரு மணிக்கு வாட்டர்லூ. நான் காரில் வந்து அம்மாவையும் உங்களையும் ஏற்றிக்கொள்கிறேன். அந்தச் சேலை இருந்தால் உடுத்துங்கள், அக்கா.

பெரியம்மா, 5.33
இருக்கிறது. கரை கொஞ்சம் இற்றுவிட்டது.

துளசி, 5.40
திரும்பும் வழியில் அம்மம்மா ரிட்லி ரோடு சந்தைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வெரோனிக்கா ரையன் சிறுமியாக இருந்தபோது தாயோடு போன சந்தை. உண்மையான ஈரப்பலாக்காய் ஒன்று வாங்கிவிட்டோம். [படம்] பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கடைக்கார அம்மா நெருப்பில் சுடச் சொன்னார், அம்மம்மா பாற்கறிதான் என்கிறார். எப்படி வெட்டுவது?

பெரியம்மா, 5.42
கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள். பால் வடியும், ஒட்டினால் லேசில் போகாது. வெட்டிய துண்டுகளை உடனே தண்ணீரில் போடு, இல்லையென்றால் கறுத்துவிடும். நடுத்தண்டை எடுத்துவிடு. இல்லை, இன்றைக்கு வெட்டாதே. நாளை எல்லோரும் வந்த பிறகு அம்மாவே வெட்டட்டும்.