மருத்துவருக்கே தெரியாத மாத்திரை: ஆய்வில் சேர்ந்தவர்களின் அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து, மகன்:

சர்க்கரை நோயால் வந்த கால் எரிச்சலுக்காக, சமவெளியில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரி தானே நடத்திய ஆய்வில் அம்மாவைச் சேர்த்தோம். எத்தனை முறை மலையிறங்கினோம், பேருந்தில் என்ன பாடுபட்டோம் என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன்.

இளம் மருத்துவர் ஒருவர் தகவல் தாளைப் பக்கம் பக்கமாக வாசித்து விளக்கினார். மருந்து புதியதல்ல, வேறொரு நோய்க்கு ஏற்கெனவே அனுமதி பெற்றது, கால் எரிச்சலுக்கும் அது உதவுமா என்று பார்க்கிறார்கள் என்றார். பாதிப் பேருக்கு அந்த மருந்தும், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கிடைக்கும் என்றும், வழக்கமான சர்க்கரை மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டியதில்லை என்றும் சொன்னார். நான் அதற்குள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அம்மாவுக்கு விரலால் காட்டிக்கொண்டிருந்தேன். மருத்துவர் பேனாவைத் தரவில்லை. "நான் சொன்னதில் என்ன புரிந்தது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள் அம்மா" என்றார். "நல்ல மருந்து குடுப்பீங்க, எரிச்சல் போயிரும்" என்றார் அம்மா. அவர் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, தாளைப் பார்க்காமல் முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை, பெயர்களை எழுதிப்போட்டுச் சீட்டுக் குலுக்குவதைப் போன்றது இது என்றார்.

நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அம்மா அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்போ எனக்கு எது விழுந்துச்சுன்னு டாக்டர் உங்களுக்கே தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்றும், தெரிந்தால் மருந்து கிடைத்தவரைக் கொஞ்சம் ஆசையோடு பார்த்து, தேறிவிட்டார் என்று எழுதத் தன் மனம் துணிந்துவிடும் என்றும் அவர் சொன்னார். அம்மா என் பக்கம் திரும்பி, "இதெல்லாம் நீ படிச்சியாடா?" என்றார். நான் ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஆகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கூடலூரிலிருந்து, ஆசிரியை:

உங்கள் அம்மாவுக்குத் தமிழில் கேள்வி கேட்க முடிந்தது. நான் சாட்சியாக உட்கார்ந்த இடத்தில் அது நடக்கவில்லை.

இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் அணு இரத்தசோகை நம் மலைப் பழங்குடியினரிடம் இருப்பது 1952 முதலே மருத்துவ உலகுக்குத் தெரியும் என்பதால், இரத்த மாதிரி கேட்டு ஆய்வாளர்கள் வருவது எங்கள் பகுதியில் புதிதல்ல. படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் உடனிருந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அப்படித்தான் என்னை அழைத்தார்கள். அழைத்துச் சென்றதோ ஆய்வுக் குழுவின் ஜீப். அதில் ஏறி வந்தவள் எப்படித் தொடர்பில்லாதவள் ஆவாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பணியர் என்னும் பழங்குடியினரின் மொழி பேசும் ஒரு பாட்டிக்குத் தமிழ்த் தாளை வாசித்தார்கள். அவர் தலையசைத்துக்கொண்டே இருந்தார். கட்டைவிரலில் மை தடவிய பிறகு, கையை அந்தரத்தில் நிறுத்தி, பேத்தியிடம் தம் மொழியில் ஏதோ கேட்டார். எடுத்த இரத்தத்தில் மீதியை என்ன செய்வீர்கள் என்பதே கேள்வி என்று பேத்தி சொன்னாள். அது தாளில் எழுதப்பட்டிருந்த செய்திதான். அந்தப் பத்தியை வாசித்தபோதும் பாட்டி தலையசைத்திருந்தார். நானோ அதற்கு முன்பே சாட்சிக் கையெழுத்தைப் போட்டு முடித்திருந்தேன்.

குன்னூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்:

என் அனுபவம் சிறியது: ஆய்வில் சேரத் தம்பிக்கு நீட்டப்பட்ட படிவத்தில் ஆய்வின் பதிவு எண் இல்லை என்று கேட்டேன், அடுத்த வாரம் எண்ணோடு வேறு படிவம் வந்தது.

கோத்தகிரி நண்பர் ஒன்றை அரைகுறையாக விட்டுவிட்டார். மருத்துவருக்குத் தெரியாது என்றால் யாருக்குமே தெரியாது என்று பொருளல்ல. யாருக்கு எது என்னும் குறியீடு வேறொருவரிடம் பாதுகாப்பாக இருக்கும். நோயாளிக்கு ஆபத்து என்றால் அதை உடனே திறந்து பார்ப்பார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் படிப்பவர்கள் பயந்துவிடுவார்கள்.

இனி, யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அந்த எண்ணைத் தரும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது, 2009 ஜூனிலிருந்து மருந்து ஆய்வுகளைப் பதிவது கட்டாயமானது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் அதைப் பார்க்கலாம். நிறுவனம் ஒன்று புதிய மருந்தை விற்பதற்காக நடத்தும் ஆய்வும், பல்கலைக்கழகம் அறிவுக்காக நடத்தும் ஆய்வும் ஒன்றல்ல. 2019இல் வந்த விதிகளின்படி, அனுமதி பெற்ற மருந்தையே புதிய நோய்க்கோ புதிய அளவிலோ கல்வி நோக்கத்துக்காக மட்டும் சோதிப்பது கல்விசார் ஆய்வு. அதற்கு, ஆய்வு முறையானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருந்தால் பொதுவாக டெல்லியில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் தனி அனுமதி தேவையில்லை. ஆகவே அந்தக் குழுவே நமக்குக் காவல். அதில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவரும் நம்மைப் போன்ற சாதாரண மனிதரும் உறுப்பினராக இருக்க வேண்டும். குழுவைத் தொடர்புகொள்ளும் எண் உங்கள் தாளில் இருக்கும். தாளின் ஒரு படி உங்களுக்குச் சேர வேண்டியது, கேட்டு வாங்குங்கள். ஆசிரியைக்கும் ஒரு சொல்: பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கம் இருக்க வேண்டும் என்பதும் விதியே, அந்த ஒப்புதலை நீங்கள் நிறுத்தியிருக்கலாம்.

மஞ்சூரிலிருந்து:

ஐயா, ஜீப்பில் ஏறிய பிறகு நிறுத்துவது உங்கள் எழுத்தில் இருப்பதுபோல எளிதல்ல. நான் ஓர் ஆய்விலிருந்து நடுவில் விலகியவன். காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சைக்குக் குறை வராது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். குறை வரவும் இல்லை. ஆனால் நான் விலகுகிறேன் என்றதும், அதுவரை என்னைப் பெயர் சொல்லி அழைத்த செவிலியர் ஒரு கணம் கோப்பிலிருந்த தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தைத் தாண்டுவதற்கு எந்த விதியும் உதவவில்லை.

ஆயினும் சேராதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மலைக்காற்றும் நல்ல உணவும் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையின் படுக்கையும்தான் காசநோயைக் குணமாக்கும் என்று நம்பப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1956இல் சென்னையில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவர்கள் வீட்டிலேயும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, வேலைக்கும் போக வேண்டிய கட்டாயம். அப்படியிருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள், வீட்டாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959இல் முடிவு வெளிவந்தது. ஏழை நோயாளி குடும்பத்தை விட்டு மலையேற வேண்டியதில்லை என்றானது அதற்குப் பிறகுதான். அந்த 193 பேரில் சிலரேனும் என்னைப் போல விலக நினைத்திருப்பார்கள்.

கோத்தகிரியிலிருந்து, மகன்:

குன்னூர் ஐயா எழுதியதைப் பார்த்துவிட்டு அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். தகவல் தாளின் படியை ரேஷன் அட்டையோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார். பதிவு எண் முதல் பக்கத்தின் மேலேயே இருக்கிறது. குழுவின் தொலைபேசி எண் கடைசிப் பக்கத்தில், அன்று நான் விரலால் காட்டிய கோட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. ஆய்வு முடிந்ததும் வந்த கடிதமும் உடன் இருந்தது: அம்மாவுக்கு விழுந்தது வெற்று மாத்திரை. அதை முன்பே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாராம். என்னிடம் ஏன் கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.