நாய்க்குட்டிக்கு நகம் வெட்டுவது: அமுக்கிப் பிடிப்பதா, பழக்கிப் பிடிப்பதா?

செந்தூல்வாசி: 9 வாரக் குட்டி, கலப்பினம். வீட்டுக்கு வந்து ஆறு நாள்தான் ஆகிறது. நேற்று மனைவி துண்டில் சுற்றி முன்னங்காலைப் பிடித்துக்கொள்ள, நான் நகவெட்டியை வைத்தேன். வீறிட்டுக் கத்தி என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. பால்பல்தான், ஆனால் ஊசி போல இறங்கியது. இப்போது துண்டை எடுத்தாலே சோபாவுக்கு அடியில் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

தோட்டத்துப் பிள்ளை: கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலையை முடியுங்கள். மூன்று கிலோ குட்டிக்கே பின்வாங்கினால், இருபது கிலோ ஆனபிறகு அது சொல்வதுதான் சட்டம். எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஏழு நாய்கள் இருந்தன. அப்பா ஞாயிறுதோறும் குழாயடியில் நிறுத்தித் தேய்ப்பார். ஒன்றுகூடப் பல்லைக் காட்டியதில்லை. கடிக்கிற நாயை ஊர் மன்னிக்காது. 2015இல் பினாங்கில் ரேபிஸ் (வெறிநாய் நோய்) வந்தபோது தெருநாய்களைக் கொன்றதைப் பார்த்தோமே.

பட்டர்வொர்த் அக்கா: தம்பி, அப்பா நகம் வெட்டினாரா? செம்மண்ணிலும் தாரிலும் ஓடிய நாய்க்கு நகம் தானே தேய்ந்துவிடும். கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடியில் வழவழப்பான தரைதான்.

நாய்களுக்கு முடி வெட்டும் கடையில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அமுக்கிப் பிடித்த குட்டி சில நேரம் அசையாமல் கிடக்கும். "அடங்கிவிட்டது" என்பார்கள். கண்ணின் வெள்ளை தெரிகிறதா, உதட்டை நக்குகிறதா, தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறதா என்று பாருங்கள். அது அடக்கம் அல்ல, அச்சத்தில் உறைந்துபோனது. உறுமியதற்கு அடித்தால் உறுமல் மட்டும் நிற்கும், பயம் போகாது. அடுத்த முறை நேரே பல்தான்.

செந்தூல் தம்பி, நகவெட்டியை இரண்டு நாள் தரையில் போட்டு வையுங்கள், முகர்ந்து பார்க்கட்டும். தோளில் கை வைத்து, காலை நீவியபடி பாதத்துக்கு இறங்கி, ஒரு நொடி பிடித்து விடுங்கள். அதற்குப் பிறகே வேகவைத்த கோழி நார் ஒன்று. தொடுவது முதலில், தீனி பிறகு. மாற்றிச் செய்தால் கோழி வாசனை வந்ததுமே "அடுத்து நகவெட்டி" என்று புரிந்துகொண்டு ஓடிவிடும். பிறகு அதன் பக்கத்தில் அமர்ந்து, சமைக்காத ஸ்பாகெட்டியை நகவெட்டியால் நறுக்குங்கள். அந்த "டக்" சத்தம்தான் பாதிப் பயம். அப்புறம் நாளுக்கு ஒரு நகம் போதும். கறுப்பு நகமானால் மெல்லிய சீவலாக வெட்டுங்கள். நகத்தில் வெட்டிய இடத்தின் நடுவே கரும்புள்ளி தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், அடுத்தது ரத்தம். தப்பித்தவறி வந்துவிட்டால் சோளமாவை வைத்து அழுத்துங்கள்.

தோட்டத்துப் பிள்ளை: நகம் காத்திருக்கும் அக்கா, உண்ணி காத்திருக்குமா? நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஆண்டு முழுவதும் உண்ணிதான். காதுக்குள் ஒன்று, விரலிடுக்கில் மூன்று. நீங்கள் கோழி நார் கிழித்துக்கொண்டிருக்கும்போது உண்ணிக் காய்ச்சல் வந்துவிடும்.

பட்டர்வொர்த் அக்கா: இது நியாயமான கேள்வி. உண்ணியை அன்றைக்கே எடுத்தாக வேண்டும், பழக்கமெல்லாம் பிறகு. ஒருவர் தட்டில் தீனியைப் பூசி நக்கவிட வேண்டும். மற்றவர் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், தோலை எரித்துவிடும். மருந்தை வயதுக்கும் எடைக்கும் ஏற்பக் கால்நடை மருத்துவர்தான் தர வேண்டும். இந்த வேலையைத் தினமும் நகம் பழக்கும் இடத்தில் செய்யாதீர்கள்; அந்த மூலையே அதற்குப் பயமாகிவிடும்.

ஷிப்டுக்காரன்: பினாங்கின் பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேர வேலை எனக்கு. இதற்கெல்லாம் ஏது நேரம்? மாதம் ஒருமுறை கடையில் விட்டுவிடலாமே.

பட்டர்வொர்த் அக்கா: சோற்றுக் கிண்ணத்தை வைக்கும்போது அரை நிமிடம் காது, வாய், பாதம் தொட்டால் போதும். யாரும் தொட்டே பழக்காத குட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தால் கடி வாங்குவது என் போன்றவர்கள்தான். கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. குட்டி எதையும் எளிதில் ஏற்பது ஏறக்குறைய 3ஆம் வாரத்திலிருந்து 14ஆம் வாரம் வரை. செந்தூல் குட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

செந்தூல்வாசி: பழக்கத் தொடங்கிய ஒன்பதாம் நாள் நிலவரம். ஸ்பாகெட்டி பாக்கெட் பாதி காலி, மனைவி முறைக்கிறார். இன்று காலை வலது முன்னங்காலில் ஒரு நகம் வெட்டினேன். குட்டி கோழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. 18இல் ஒன்று முடிந்தது.

தோட்டத்துப் பிள்ளை: ஒரு நகத்துக்கு அரைக் கோழியா! சரி, அடுத்த நகத்துக்கும் எழுதுங்கள்.