நிழல் பட்டதும் மறைந்த பூக்கள்

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போயிருந்தோம் (இப்போது ஸ்வராஜ் தீவு). எலிஃபண்ட் பீச்சில் ஸ்நார்கெலிங், அதாவது கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்து பார்ப்பது. ஆழம் ஓர் ஆள் உயரம்தான். உருண்டையாக ஒரு பெரிய பவளப்பாறை, அதன் மேல் மஞ்சள், நீலம், கத்தரிப்பூ நிறம் என்று இருபது முப்பது பூக்கள். ஆசையாக நெருங்கினேன். என் நிழல் விழுந்ததுதான் தாமதம், அத்தனையும் உள்ளே போய்விட்டன. மிச்சம் வெறும் பாறையும் சின்னச் சின்னத் துளைகளும்தான்.

கூட வந்த வழிகாட்டி, "அண்ணா, காலை அசைக்காதீங்க. வெயில் முகத்துல படுற மாதிரி அந்தப் பக்கம் வந்து சும்மா மிதங்க" என்றார்.

மிதந்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு துளையின் வாயில் குட்டி மூடி ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் மேல் மான்கொம்பு போலக் கிளைகள். பின்னாலேயே மடக்கிய குடை மாதிரி ஒரு மொட்டு. அப்புறம் அது திருகித் திருகி விரிந்து, அடுக்கடுக்காக இரண்டு கூம்புகளாக நின்றது. நான் மூச்சு விடக்கூட பயந்தேன்.

இதுதான் கிறிஸ்துமஸ் மரப் புழு. வெளியே தெரிவது அதன் செவுள் இழைகள். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்து வாய்க்குத் தள்ளுவதும், வெளிச்சத்தை உணரும் கண்களைத் தாங்குவதும் அந்த இழைகளே. மீதி உடம்பு சுண்ணாம்புக் குழாய்க்குள் இருக்கிறது. குஞ்சாக இருக்கும்போது உயிருள்ள பவளத்தில் வந்து ஒட்டிக் குழாய் கட்டும். பவளம் அதைச் சுற்றி வளர்ந்துவிடும். பிறகு ஆயுளுக்கும் அந்த இடம்தான். பல வருஷம் வாழக்கூடியது. ஆபத்து வந்தால் உள்ளே இழுத்துக்கொண்டு மூடியால் வாசலை அடைக்கும், அவ்வளவுதான் அதனால் முடியும்.

அதனால்தான் அடுத்து நடந்ததைப் பார்த்து மனசு பதறிவிட்டது. எங்கள் குழுவில் வந்த ஒருவர் அதே பாறைமேல் ஏறி நின்று, செல்ஃபி குச்சியால் ஒரு நீலப் புழுவைக் குத்தினார். வழிகாட்டி சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினார்.

தயவுசெய்து யாரும் பவளத்தில் கால் வைக்காதீர்கள். களைப்பாக இருந்தால் மல்லாந்து மிதந்தால் போதும்.

நான் அங்கேயே காத்திருந்தேன். மஞ்சள் வந்தது, கத்தரிப்பூ நிறம் வந்தது. படகிலிருந்து கூப்பிட்டார்கள். நீலத்தின் துளை மட்டும் மூடியே இருந்தது.