ஜெயிலில் மனு (வீட்டார் வந்து பார்ப்பது) கட் ஆன கதை இருந்தால் சொல்லுங்கள்

கோபிக்காரன்:
மூன்றாவது தடவை மனு கட் ஆனதுதான் இன்னும் உறுத்துகிறது. முதல் இரண்டும் பீடி, என் தப்பு, விடுங்கள். மூன்றாவது, பிளாக்கில் எவனோ போட்ட சண்டை. காலையில் அதிகாரி முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். என் பேரைப் படித்ததும் "இவன் பழைய ஆள்தானே" என்று எழுத ஆரம்பித்தார். "ஐயா, நான் அப்ப குளிச்சிட்டு..." என்பதற்குள் பேனாவை மூடிவிட்டார். அந்த 'டக்' சத்தம் பத்து வருஷமாகக் காதில் இருக்கிறது. ஒரு மாதம் மனு இல்லை. அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் பஸ்ஸில் வந்தவர், கேட்டிலேயே திரும்பிவிட்டார்.

பெருந்துறை சாமி:
என் மாமா வார்டராக இருந்தவர். தட்டைத் தேய்த்துக் கூராக்கி ஒருவன் குத்தியதில் காதுக்கு மேலே ஆறு தையல். அவனுக்கும் உட்கார வைத்து விசாரணையா நடத்துவது? சும்மா இருந்தவனை யாரும் கூப்பிட்டு எழுத மாட்டார்கள்.

ஈரோடு அக்கா:
நடத்தணும்ங்க சாமி. குத்தினவனுக்கும்தான். எங்க வீட்டுக்காரர் தனி அறைத் தண்டனை முடித்து வந்த பிறகு மனு பார்க்கப் போனேன். "மெதுவாப் பேசு, காது கூசுது" என்றார். நான் ஏற்கெனவே மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

பவானி குமாஸ்தா:
வக்காலத்தில் கையெழுத்து வாங்க ஒரே ஒரு தடவை உள்ளே போனேன். கையெழுத்துப் போட்டவருக்கு விரல் நடுங்கியது. என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1894ஆம் வருஷத்துச் சிறைச் சட்டம், 46ஆம் பிரிவு: தனி அறை 14 நாளுக்கு மேல் கூடாது. முடிந்த பிறகு குறைந்தது அத்தனை நாள் இடைவெளி விடாமல் மறுபடியும் போடக்கூடாது. 51ஆம் பிரிவு: தண்டனைப் புத்தகத்தில் குற்றம், தேதி, முன்பு எத்தனை தடவை என்பதெல்லாம் ஏற வேண்டும், கடுமையான குற்றம் என்றால் சாட்சிகளின் பேரும் வேண்டும். சுனில் பத்ரா வழக்கில், ஒரு கைதி எழுதிய கடிதத்தையே வழக்கு மனுவாக எடுத்துக்கொண்டு, 1979 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தனிமை, சலுகை மறுப்பு மாதிரித் தண்டனைகளை செஷன்ஸ் நீதிபதி பார்க்க வேண்டும், அவசரம் என்றால் இரண்டு நாளுக்குள் அவருக்குத் தகவல் போக வேண்டும். வக்கீல் வைக்க முடியாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள், காசு கிடையாது. எதைக் கொடுத்தாலும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.

கோபிக்காரன்:
குமாஸ்தா அண்ணா, நான் வெளியே வந்தே எட்டு வருஷம் ஆச்சுங்க. சாமி, உங்கள் மாமாவுக்கு நடந்தது கொடுமைதான். ஆனால் அன்று நான் தொட்டிக்கிட்டே நின்று குளித்ததை, சோப்பு கடன் கொடுத்த பக்கத்துச் செல்காரர் பார்த்தார். அதே வரிசையில்தான் அவரும் நின்றார்.