வாபிள், ப்ரிசெஷன், நியூட்டேஷன்: மூன்றும் தள்ளாட்டமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வானியல் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பூமியின் அச்சைப் பற்றிய ஒரே பக்கத்தில் வாபிள், ப்ரிசெஷன், நியூட்டேஷன் என்று மூன்று சொற்கள் வருகின்றன. மூன்றுக்கும் "தள்ளாட்டம்" என்று எழுதி வைத்தேன். மறுநாள் படித்தால் எனக்கே எது எதுவென்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் அசைவுக்கு எத்தனை சொற்கள்! ஸ்வே, ஸ்விங், ஷேக், ட்ரெம்பிள், க்விவர், வாபிள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஆடு, அசை, சுற்று என்ற மூன்றை வைத்துக்கொண்டு நாம் எப்படிச் சமாளிப்பது?

*

வணக்கம்.

கேள்வி சரி. கடைசி வரிக்கு மட்டும் வம்புக்கு வருகிறேன். இலை அசைகிறது, கிளை ஆடுகிறது, கொடி துவள்கிறது, சுடர் துடிக்கிறது, குடத்து நீர் தளும்புகிறது, வண்டி குலுங்குகிறது. பாம்பு ஊர்கிறது, குழந்தை தவழ்கிறது, தவளை தத்துகிறது, குரங்கு தாவுகிறது, மீன் துள்ளுகிறது. ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்துப் பாருங்கள், உடனே இடிக்கும். நம்மிடம் இருக்கும் பெட்டி சின்னதல்ல. அடுக்கி வைத்திருக்கும் முறைதான் வேறு.

ஆங்கிலம் "வாக்" என்ற ஒன்றையே எப்படி நடந்தான் என்பதை வைத்து ஸ்ட்ரோல், ஸ்டாகர், ஷஃபிள், டிப்டோ என்று பிரித்துக்கொண்டே போகும். நாம் உலாவினான் என்பதற்குத் தனிச்சொல் வைத்திருக்கிறோம். மற்றதையெல்லாம் தள்ளாடி நடந்தான், காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தான், நுனிக்காலில் நடந்தான் என்று சொல்லிவிடுகிறோம். லென்னர்ட் டால்மி என்ற மொழியியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவருடைய 1985 கட்டுரையை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் பார்வையில், ஒரு மொழி அசைவு போகும் வழியை வினையில் வைக்கிறதா, வினையை ஒட்டிய சிறு சொல்லில் வைக்கிறதா என்பதைக் கொண்டு மொழிகளை வகைப்படுத்தலாம். ஆங்கிலம் இரண்டாம் வகை. "பந்து உருண்டு பள்ளத்துக்குள் இறங்கியது" என்கிறோம். நமக்கு இறங்கியது முற்று, உருண்டு எச்சம். ஆங்கிலத்தில் உருண்டதுதான் முற்று. இறங்கியதை டவுன், இன்டு என்ற பொடிச் சொற்கள் பார்த்துக்கொள்ளும்.

கலைச்சொல் ஆக்கும்போது நாம் இடறுவது இங்கேதான். ஆங்கில வினையைப் பெயராக்கினால் அசைவின் விதமும் கூடவே வந்துவிடும். நாம் பெயராக்கினால் எச்சம் கழன்று விழுந்து, "இயக்கம்", "நகர்வு" என்ற வெறும் கூடு மிஞ்சுகிறது. அப்புறம் எல்லாவற்றுக்கும் அதே கூடுதான். அகராதியை மூடிவிட்டு, எது அசைகிறது, எதைப் பொறுத்து அசைகிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

(இன்னொரு புலம்பல்: பாடநூலில் ஊசல் செய்வது அலைவு. ஓர் அலைவுக்கு ஆகும் நேரம் அலைவு நேரம். ஆனால் நொடிக்கு எத்தனை அலைவு என்பதற்குப் பெயர் அதிர்வெண்! ஊசல் எங்கே அதிர்கிறது? சரி, ஊன்றிவிட்டது, இனி அசைக்க முடியாது.)

இனி உங்கள் மூன்று சொற்கள்.

வாபிள்: வானியலாளர் சேத் சாண்ட்லர் 1891-இல் கண்டது. பூமியின் சுழற்சி அச்சு தரையைத் தொடும் இடம் ஒரே புள்ளியில் நிற்பதில்லை. ஏறத்தாழ 433 நாளுக்கு ஒருமுறை சில மீட்டர் அளவுக்கு வட்டமிடுகிறது. அச்சு அங்கேயே இருக்க, பூமியின் உடல்தான் அதன்மேல் சற்று நிலைகொள்ளாமல் தடுமாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளாட்டம் என்ற சொல் இதற்குத்தான் பொருந்தும். சாண்ட்லர் தள்ளாட்டம் என்றே எழுதலாம்.

நியூட்டேஷன்: வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி 1748-இல் அறிவித்தது. நிலவின் பாதைத் தளம் 18.6 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், பூமியின் அச்சு சுமார் 9 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) அளவுக்கு மேலும் கீழும் தலையை அசைக்கிறது. லத்தீன் மூலச்சொல்லின் பொருளும் தலையசைப்பதுதான். வேறெங்கும் போகவேண்டாம், தலையசைவு.

ப்ரிசெஷன்தான் சிக்கல். பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தன் அச்சில் விர்ரென்று சுழலும்போதே, சாய்ந்த அச்சும் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. பூமியின் அச்சும் அப்படியே. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். இன்று துருவ விண்மீனைக் காட்டும் வட முனை, இன்னும் சுமார் 12,000 ஆண்டுகளில் வேகா என்ற விண்மீன் பக்கம் திரும்பியிருக்கும். அச்சின் நுனி வரைவது வட்டம். அச்சு முழுதாக வரைவது கூம்பு. ஆகவே என் பரிந்துரை: கூம்புச்சுற்று.

*

ஐயா, வணக்கம்.

தலையசைவு அருமை. தள்ளாட்டமும் சரி. கூம்புச்சுற்று என்றதும் படம் கண்முன் வருகிறது, ஆனால் அந்தப் படமேதான் பிரச்சினை.

புதன் கோளுக்கும் ப்ரிசெஷன் உண்டு. அங்கே கூம்பு கிடையாது. நீள்வட்டப் பாதையே தன் தளத்துக்குள் மெல்லத் திரும்புகிறது. மற்றக் கோள்களின் இழுப்பைக் கணக்கில் கழித்த பிறகும் நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி மிஞ்சியது. அதற்கு 1915-இல் ஐன்ஸ்டைன் விடை சொன்னார். 1851-இல் பாரிசில் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் தொங்கவிட்ட ஊசலுக்கும் இதே சொல்லைத்தான் ஆங்கிலத்தில் போடுகிறார்கள். ஊசல் ஆடும் தளம் அங்கே ஒரு மணிக்கு 11 பாகைக்குச் சற்றுக் கூடுதலாகத் திரும்பும். அதில் எங்கே கூம்பு?

"அச்சுவலம்" என்று வைக்கலாமா என்று ஒரு யோசனை. வலம்வருவது என்றால் எல்லோருக்கும் புரியும்.

*

புதனை மறந்துவிட்டேன். கூம்புச்சுற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், சற்று வருத்தத்தோடு.

அச்சுவலம் காதுக்கு இனிமைதான். ஆனால் வலம் என்றாலே வலப்பக்கமாகப் போவது. சாய்ந்து சுழலும் பம்பரத்தில், அது எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்கமே அச்சும் சுற்றும். பூமியில் நேர் எதிர். பம்பரத்தை ஈர்ப்பு கீழே சாய்க்கப் பார்க்கிறது. பூமியின் புடைத்த இடுப்பைப் பிடித்திழுக்கும் சூரியனும் நிலவும் அச்சை நிமிர்த்தப் பார்க்கின்றன. அதனால் சுற்றும் திசை மாறிவிடுகிறது. இடப்பக்கம் சுற்றும் பம்பரத்தைப் பற்றி "இடஞ்சுழியாக வலம் வருகிறது" என்று ஒரு மாணவர் எழுத வேண்டி வந்தால் நம்மைத்தான் திட்டுவார்.

"அச்சுப்பெயர்ச்சி"யும் மனத்தில் ஓடியது. இடப்பெயர்ச்சி என்று ஏற்கெனவே ஒன்று இருப்பதால், அச்சு எழுந்து வேறிடம் போய்விட்டது போல் தோன்றுகிறது. "மென்சுழற்சி" என்றும் பார்த்தேன். எம்ஆர்ஐ கருவிக்குள் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் செய்வதும் ப்ரிசெஷன்தான், 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் நொடிக்குச் சுமார் 6.4 கோடிச் சுற்று. அதைப் போய் மென்மை என்றால் சிரிப்பார்கள்.

பம்பரம், புதன், ஊசல், அணுக்கரு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பம்பரத்தில் அச்சு, புதனில் நீள்வட்டத்தின் நெட்டச்சு, ஊசலில் ஆடும் தளம், அணுக்கருவில் அதன் காந்தத் திருப்புமை, அதாவது அது ஒரு குட்டிக் காந்தமாக நின்று காட்டும் திசை. சுற்றுவது ஒவ்வொன்றிலும் வேறு. ஆனால் நான்கிலும் ஒரு பொருள் இடம்விட்டு இடம் போகவில்லை. அது காட்டும் திசைதான் சுற்றி வருகிறது. ஆகவே திசைச்சுற்று என்று வைத்தால் என்ன? எதனுடைய திசை என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: அச்சின் திசைச்சுற்று, நெட்டச்சின் திசைச்சுற்று, ஊசல்தளத்தின் திசைச்சுற்று.

எனக்கு ஒரு சோதனை உண்டு. கலைச்சொல்லை உடைத்துப் போட்டால் சாதாரண வாக்கியமாக நிற்க வேண்டும். "அச்சின் திசை சுற்றுகிறது." நிற்கிறது. கூம்புச்சுற்று இதில் தோற்றுப்போயிருக்கும். "அச்சு கூம்புச்சுற்றுகிறது" என்று யாரால் எழுத முடியும்?

*

மூன்று சொல்லையும் போட்டு அந்தப் பத்தியைத் திருத்திவிட்டேன். பாருங்கள்:

"பூமியின் அச்சு ஒரு திசைச்சுற்றை முடிக்க ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகின்றன. அந்த நீண்ட சுற்றினூடே 18.6 ஆண்டுக்கு ஒருமுறை சிறிய தலையசைவும் உண்டு. இவ்விரண்டும் அச்சு விண்வெளியில் காட்டும் திசையைப் பற்றியவை. தள்ளாட்டமோ, அச்சைப் பொறுத்துப் பூமியின் உடல் செய்வது."

கடைசி வாக்கியம் ஆங்கிலக் கட்டுரையில் இல்லை, நானாகச் சேர்த்தது. சொற்கள் பிரிந்ததும்தான் அந்த வேறுபாடு எனக்கே விளங்கியது. அடுத்த அத்தியாயத்தில் கப்பலும் விமானமும் வருகின்றன. அவை அசையும் மூன்று விதங்கள்: ரோல் (பக்கவாட்டில் சாய்வது), பிட்ச் (மூக்கு மேலும் கீழும் ஆடுவது), யா. மூன்றுக்கும் இப்போதைக்கு "சாய்வு" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

*

யாவில் எதுவும் சாய்வதில்லை, மூக்கு இடவலமாகத் திரும்பும், அவ்வளவே. அந்தப் பக்கத்தை அனுப்பிவிடாதீர்கள். தனி இழையாகத் தொடங்குங்கள், வருகிறேன்.