எக்ஸ்காலிபர் முழுப் பிரதி எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, ஜான் பூர்மன் 1981-இல் எடுத்த ஆர்தர் மன்னர் கதையான ‘எக்ஸ்காலிபர்’ படத்தை இருபது வருடம் கழித்து நேற்று மறுபடியும் பார்த்தேன். அயர்லாந்துக் காடுகளின் பச்சை ஒளியும் மந்திரவாதி மெர்லினாக வரும் நிக்கல் வில்லியம்சனின் குரலும் கொஞ்சமும் மங்கவில்லை. ஆர்தர் வீரர்களோடு குதிரையில் போகப் போக வாடிய மரங்கள் பூக்கும் இடம், பின்னணியில் கார்ல் ஓர்ஃபின் இசை... கண் கலங்கிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முழுப் படம் 140 நிமிடம். நான் பார்த்தது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வெட்டாத நல்ல பிரதி, சப்டைட்டிலோடு, எங்கே கிடைக்கும்?

அப்புறம், படத்துக்கு மூலமான தாமஸ் மாலரியின் 15-ஆம் நூற்றாண்டு நூலைப் படிக்க ஆசை. அந்தக் கால ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. எளிய நடையில் எந்தப் பதிப்பு நல்லது? படித்தவர்கள் சொல்லுங்கள்.